தரைப் பலகையில் தீத்தழும்பா? ஆழம் பார்த்துக் கை வைப்போம்!



"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று ஆற்றைப் பார்த்துப் பெரியவர்கள் சொன்னார்கள். அதையே இந்த மாதப் பாடத்தில் மரத்தரையைப் பார்த்து நாம் சொல்லப் போகிறோம்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலை ஊர்களில் பழைய பங்களாக்கள் நிறைய உண்டு. பலவற்றில் பலகைத் தரைதான். அவற்றில் சில இன்று தங்கும் விடுதிகளாகிவிட்டன. அங்கே கூட்டிப் பெருக்கி, துடைத்து, கணப்பு மூட்டி வேலை பார்ப்பவர்களில் நம் உறுப்பினர்கள் பலர் இருக்கிறோம். கணப்பிலிருந்து தெறித்த கங்கு, கீழே போட்ட சிகரெட், தட்டில்லாமல் வைத்த கொசுவர்த்தி, சாய்ந்து விழுந்த இஸ்திரிப் பெட்டி இவற்றில் ஏதாவது ஒன்று போதும், பளபளவென்று இருந்த தரையில் கறுப்பாக ஒரு தழும்பு விழுந்துவிடும். விருந்தாளி காலையில் காரில் ஏறிப் போய்விடுவார். "இந்த ரூம் யாரு பார்த்தது?" என்ற கேள்வி மட்டும் நமக்கு மிஞ்சும்.

அப்போது இரண்டு விதமான தப்பு நடக்கிறது. பயத்தில் கம்பி நாரைப் போட்டுப் பரபரவென்று தேய்த்து, சிறிய தழும்பைப் பெரிய பள்ளமாக்கிவிடுவது ஒன்று. "மொத்தத் தரையையும் மாத்தணும், ஆயிரக்கணக்குல ஆகும்" என்று யாரோ சொல்வதை நம்பிச் சம்பளத்தில் பிடிக்கவிட்டு வாயை மூடிக்கொள்வது இன்னொன்று. தழும்பு எவ்வளவு ஆழம் என்று பார்க்காததுதான் இரண்டுக்கும் காரணம்.

ஆழத்தைப் பார்க்கத் தெரிந்தால் தரை பிழைக்கும், சம்பளமும் பிழைக்கும். கற்றுத் தேர்ந்தால் அதுவே ஒரு கைத்தொழிலாகவும் ஆகும். குழுக் கூட்டத்தில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசுங்கள்.

முதல் வேலை: தீ அணைந்துவிட்டதா?

தழும்பை அழகுபடுத்துவது அப்புறம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இடுக்கு இருக்கும். பல பழைய தரைகளில் அடியில் வெற்றிடமும் இருக்கும். கங்கு அந்த இடுக்கில் விழுந்தால், மேலே ஒன்றும் தெரியாமலே உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். நடுராத்திரியில் தீ பிடிப்பது இப்படித்தான்.

எனவே புறங்கையைத் தரைக்கு அருகில் வைத்துச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். இடுக்கில் முகர்ந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் இடுக்கில் தண்ணீர் ஊற்றத் தயங்க வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் வந்து தொட்டுப் பாருங்கள். புகையோ சூடோ தொடர்ந்தால் 101-ஐ அழையுங்கள். மரம் நனைந்தால் காய வைக்கலாம், எரிந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

தண்ணீர் ஊற்றியிருந்தால் மரம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த வேலை. மலை ஊரில் அதற்குச் சில நாட்கள்கூட ஆகலாம்.

சூடு மரத்தை என்ன செய்கிறது?

சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மரம் பழுப்பாக மாறத் தொடங்குகிறது. 300 டிகிரியை ஒட்டிக் கரியாகிறது. இழுக்கும் நேரத்தில் சிகரெட் முனையின் சூடு 800 டிகிரியைத் தாண்டும். அப்படியென்றால் பலகை ஓட்டையாகிவிட வேண்டாமா? ஆவதில்லை. இரண்டு காரணங்கள் உண்டு.

மரம் சூட்டை வேகமாக உள்ளே கடத்தாது. அதனால்தான் தோசைக்கல்லுக்கு மரப்பிடி போடுகிறோம். அடுத்து, மேலே உண்டான கரியே ஒரு போர்வை போல உள்ளே இருக்கும் மரத்தைக் காக்கிறது. வீடே பற்றி எரியும் தீயில்கூட, அடர்த்தியான வன்மரம் நிமிடத்துக்குச் சுமார் அரை மில்லி மீட்டர் வேகத்தில்தான் கரியாகும். சிறு கங்கு எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒன்றை மனதில் வையுங்கள்: தழும்பு பெரும்பாலும் பார்வைக்குத் தெரிவதைவிட மேலோட்டமானது. கறுப்பு நிறம் நம்மைப் பயமுறுத்துகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் முக்கியம். கரி என்பது பொடியாக உதிரும் பொருள். அதன்மேல் கோந்தும் நிற்காது, பாலிஷும் நிற்காது. கரியை மறைத்துப் பூசினால் சில வாரங்களில் நடக்க நடக்கப் பொருக்கு பொருக்காகப் பெயர்ந்து வரும். "கரி போன பிறகே பூச்சு" என்பதுதான் இந்த வேலையின் முதல் விதி.

அது உண்மையான மரத்தரைதானா?

மரம் மாதிரித் தெரிவதெல்லாம் மரம் இல்லை! தேய்ப்பதற்கு முன்னால் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். வாசல்படி ஓரத்திலோ, தரை முடியும் இடத்திலோ பலகையின் வெட்டு முனையைப் பாருங்கள்.

1. முழுப் பலகை: தேக்கு, வேங்கை, ஈட்டி போன்ற மரத்தில் அறுத்தது. மேலே தெரியும் மர ரேகை முனையிலும் தொடர்ந்து கீழ்வரை போகும். பல தரைகளில் ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்தில் செருகியிருக்கும். நாக்குக்கு மேலே இருக்கும் மரத்தைத்தான் தேய்க்க முடியும். சாதாரணமாக அது 5, 6 மி.மீ. இருக்கும். ஏற்கெனவே பலமுறை இழைத்த பழைய தரையில் அதைவிடக் குறைவு.

2. ஒட்டுப் பலகை: மேலே மட்டும் நல்ல மரம், அடியில் பிளைவுட். முனையில் அடுக்கடுக்காகத் தெரியும். மேல் மரம் 2 முதல் 4 மி.மீ. இருக்கலாம், அதைவிட மெல்லியதும் உண்டு. மிக மெதுவாகத்தான் கை வைக்க வேண்டும்.

3. லேமினேட்: மேலே இருப்பது மரமே இல்லை. மரம் போல அச்சடித்த காகிதம், அதன்மேல் கண்ணாடி போன்ற பூச்சு. தேய்த்தால் படமே போய்விடும். இதில் உப்புத்தாள் வைக்கவே கூடாது. சின்னப் புள்ளியாக இருந்தால் அதே நிற மெழுகுக் குச்சியால் அடைக்கலாம். பெரிதாக இருந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றலாம்.

கீழே சொல்லும் முறைகள் முழுப் பலகைக்கு. ஒட்டுப் பலகைக்கு முதல் இரண்டு நிலைகள் மட்டும்தான்.

ஆழம் பார்ப்பது எப்படி?

ஈரத்துணியால் சாம்பலையும் புகைக்கறையையும் துடைத்து உலரவிடுங்கள். ஒரு ஸ்பூனின் ஓரத்தால் தழும்பின் நடுவில் மெதுவாகச் சுரண்டுங்கள்.

நிலை 1 – பூச்சு மட்டும்: நாலு சுரண்டலில் கறுப்பு போய், அடியில் நல்ல மரத்தின் நிறம் தெரிகிறது. வார்னிஷ்தான் கருகியிருக்கிறது.

நிலை 2 – மேல்தோல்: சுரண்டினால் பழுப்பு நிறம் தெரிகிறது, மரம் கெட்டியாகவே இருக்கிறது. ஆழம் சுமார் 1 மி.மீ.க்குள்.

நிலை 3 – பள்ளம்: கரி பொடிப் பொடியாக வருகிறது. ஸ்பூன் உள்ளே இறங்குகிறது. ஆழம் 1 முதல் 4 மி.மீ. வரை.

நிலை 4 – பலகை போச்சு: அதைவிட ஆழம், அல்லது உள்ளங்கையைவிட அகலமான கரி, அல்லது காலால் அழுத்தினால் பலகை ஆடுகிறது. இது ஆசாரி வேலை. நாம் கை வைக்க வேண்டாம்.

சூடான பாத்திரம் வைத்து வெள்ளையாகப் படர்ந்த தழும்பு இந்தக் கணக்கில் வராது. அது தீயால் வந்ததல்ல, பூச்சுக்குள் புகுந்த ஈரம். அதற்குச் சுரண்டல் தேவையில்லை.

தேவையான பொருட்கள்

உப்புத்தாள் 120, 180, 220, 320 நம்பர்கள் (நம்பர் கூடக் கூட நைஸ் ஆகும்). தட்டையான சிறு மரக்கட்டை. சுரண்டும் தகடு. அரை அங்குல உளி. பழைய டூத் பிரஷ். பருத்தித் துணி. ஒட்டுக் காகிதம், அதாவது பெயிண்டர்கள் ஓரத்தில் ஒட்டும் மாஸ்கிங் டேப். டர்பன்டைன். இரண்டு டியூப்பாக வரும் எப்பாக்ஸி பசை. மரத்துக்கான சாயம். தரையில் ஏற்கெனவே உள்ள பூச்சுக்கு ஏற்ற வார்னிஷ் அல்லது அரக்கு பாலிஷ். கையுறை. என்-95 முகக்கவசம்.

தரையில் இருப்பது என்ன பூச்சு என்று தெரிய வேண்டுமே? கட்டிலுக்கு அடியில், கண்ணுக்குப் படாத மூலையில் நகத்தால் கீறுங்கள். வெள்ளையாகச் சுருண்டு வந்தால் மேலே மெழுகு இருக்கிறது. டர்பன்டைன் தொட்ட துணியால் மெழுகை முழுக்கத் துடைக்க வேண்டும். மெழுகின் மேல் எந்த வார்னிஷும் பிடிக்காது. அடுத்து, அதே மூலையில் பாலிஷ் ஸ்பிரிட் ஒரு சொட்டு விடுங்கள். சில நிமிடத்தில் பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். ஒன்றும் ஆகவில்லை என்றால் வார்னிஷ் அல்லது பியு பூச்சு.

செய்முறை

நிலை 1

320 நம்பர் உப்புத்தாளால், மர ரேகை ஓடும் திசையில் மட்டும், மெதுவாகத் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் பாலிஷ் போட்ட பிறகு பளிச்சென்று தெரியும். கறுப்பு போனதும் நிறுத்துங்கள். தூசியைத் துடைத்து, அதே பூச்சை மெல்லியதாக இரண்டு முறை தடவுங்கள். வேலை முடிந்தது.

நிலை 2

(அ) சுரண்டும் தகட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, ரேகை வாக்கில் இழுத்துப் பழுப்பை எடுங்கள். இடத்துக்கிடம் இரண்டு இழுப்பு, பிறகு துடைத்துப் பார்த்தல் என்று போகவும். அவசரம் வேண்டாம்.

(ஆ) உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி 120, 180, 220 என்ற வரிசையில் தேயுங்கள். விரலால் மட்டும் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் கிண்ணம் போலக் குழியும். தழும்பைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குப் பரவலாகத் தேய்த்தால் பள்ளம் கண்ணுக்கும் தெரியாது, காலுக்கும் தெரியாது.

(இ) தேய்த்த இடத்தை ஈரத்துணியால் ஒரு முறை துடையுங்கள். நனைந்தபோது தெரியும் நிறம்தான் பாலிஷ் போட்ட பிறகு வரப்போகும் நிறத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். பக்கத்துப் பலகையைவிட வெளுப்பாக இருந்தால் சாயம் தேவை. சாயத்தை முதலில் ஒரு துண்டு மரத்தில் தடவிப் பார்த்து, திருப்தியானால் தரைக்குப் போங்கள்.

(ஈ) இப்போது ஒரு தொழில் ரகசியம்! பூச்சைத் தேய்த்த இடத்தில் மட்டும் போடாதீர்கள். அந்த ஒரு பலகையின் இரண்டு பக்க இடுக்கிலும் ஒட்டுக் காகிதம் ஒட்டி, பழைய பூச்சை 320 நம்பரால் லேசாக மங்கவைத்து, அந்தப் பலகை முழுவதற்கும் ஒரே மாதிரிப் போடுங்கள். நடுத்தரையில் வட்டமாக ஒரு திட்டு மின்னினால் யார் கண்ணிலும் படும். பலகைக்குப் பலகை லேசான வித்தியாசம் இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மரத்தின் இயல்பே அதுதானே!

(உ) கனமாக ஒரு பூச்சைவிட, மெல்லியதாக மூன்று பூச்சு நல்லது. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு 320 நம்பரால் ஒரு தடவு தடவி, துடைத்து, அடுத்தது.

நிலை 3

(அ) உளியாலும் டூத் பிரஷாலும் கரியை முழுவதும் எடுங்கள். நல்ல மரத்தின் நிறம் தெரியும்வரை விடாதீர்கள். கொஞ்சம் கரி மிச்சம் இருந்தாலும் அடைப்பு பெயர்ந்துவிடும்.

(ஆ) புகை வாடை இன்னும் இருந்தால் அந்தக் குழியில் அரக்கு பாலிஷ் ஒரு கை தடவிக் காயவிடுங்கள். அரக்கு வாடையை உள்ளேயே அடக்கிவிடும். பிறகு 120 நம்பரால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள், பசை பிடிக்கும்.

(இ) அடைப்பு தயாரிப்பது: அதே மரத்தைத் தேய்த்த நைஸ் தூளை எப்பாக்ஸி பசையோடு குழைக்க வேண்டும். "வெள்ளைக் கோந்துல மரத்தூளைக் கலந்து வைக்கலாமே, சுலபமாச்சே?" என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் வெள்ளைக் கோந்து காய்ந்த இடம் சாயத்தைக் குடிக்காது. தனியாக ஒரு மங்கல் திட்டாகத் தெரியும். எப்பாக்ஸியும் சாயம் குடிக்காதுதான். அதனால் குழைக்கும்போதே நிறப்பொடி சேர்த்து நிறத்தைச் சரிபார்க்க வேண்டும். பக்கத்து மரத்தைவிட ஒரு பங்கு அடர்த்தியாக இருக்கட்டும். அடர்த்தியான புள்ளியை மரக்கண் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். வெளுத்த புள்ளியை ஒட்டு என்று உடனே கண்டுபிடிப்பார்.

(ஈ) தழும்பு பலகை இடுக்கைத் தொட்டால், இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகிக்கொண்டு அடையுங்கள். மழையில் பலகை உப்பும், வெயிலில் சுருங்கும். இரண்டு பலகையையும் சேர்த்து ஒட்டிவிட்டால் அது அசைய வழியில்லாமல் பிளக்கும்.

(உ) தரை மட்டத்தைவிடத் துளி மேடாக அடைத்து, பசை உறையில் எழுதியுள்ள நேரம் முழுதும் இறுகவிடுங்கள். குளிர் ஊரில் அதைவிடக் கூடுதலாகவே விடுங்கள். பிறகு கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் மட்டமாக்குங்கள்.

(ஊ) மெல்லிய தூரிகையால் சாயத்தைத் தொட்டு, இரண்டு பக்க மர ரேகைகளையும் அடைப்பின் மேல் இணைத்து வரையுங்கள். கோலம் போடும் நம் கைக்கு இது பெரிய வேலையா என்ன? காய்ந்ததும் நிலை 2-ல் சொன்னபடி பலகை முழுதும் பூச்சு.

நிலை 4

பலகையை மாற்றுவதுதான் வழி. ஆசாரி வரும்போது ஒன்று சொல்லிப் பாருங்கள்: புதுப் பலகையை நடுக்கூடத்தில் போடாமல், பீரோவுக்கு அடியிலோ உள்ளறை மூலையிலோ இருக்கும் பழைய பலகை ஒன்றைக் கழற்றிக் கூடத்தில் போட்டு, புதுசை மூலையில் வைக்கலாம். ஒரே வயது, ஒரே நிறம். மாற்றியதே தெரியாது. நிலை 4 ஆனாலும், மாற்ற வேண்டியது ஒன்றிரண்டு பலகைதான். மொத்தத் தரையல்ல.

நம்பக் கூடாதவை

"ஆக்சாலிக் அமிலம் போட்டா கறுப்பு போயிடும்" என்பார்கள். இரும்பு ஆணி பட்ட கறுப்புக் கறைக்கு அது உதவும். கரிக்கு உதவாது. கரியை வெளுக்கவைக்க எந்த மருந்தும் இல்லை, எடுக்கத்தான் வேண்டும். அந்த அமிலம் விஷமும்கூட. குழந்தைகள் உள்ள வீட்டில் தேவையில்லாத வேலை.

"ஷூ பாலிஷ் தடவினா மறைஞ்சிடும்" என்பதும் அப்படித்தான். இரண்டு முறை துடைத்தால் வெளியே வரும். மெழுகு இறங்கிய இடத்தில் பிறகு சரியான பூச்சும் பிடிக்காது.

பனி மூடிய நாளிலும் மழை நாளிலும் அரக்கு பாலிஷ் போட வேண்டாம். காற்றின் ஈரத்தால் பாலிஷ் வெளுத்துப் பூத்துப்போகும். வெயில் வரும் நாளைப் பார்த்து, காலை 10 மணிக்கு மேல் தொடங்குங்கள்.

நம் உயிரும் உடம்பும் முக்கியம்

சகோதரிகளே, இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள்.

எண்ணெய்த் துணி தானாகவே தீப்பிடிக்கும்! ஆளிவிதை எண்ணெய் கலந்த பூச்சுகளைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் காயும்போது உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். தீத்தழும்பைச் சரிசெய்யப் போய்த் தீ வைத்த கதையாகிவிடும். அத்தகைய துணியைத் தண்ணீரில் முக்குங்கள், அல்லது வெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள். தேய்த்த தூளையும் மூட்டையாகக் கட்டி வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

ஸ்பிரிட், டர்பன்டைன் இருக்கும் அறையில் கணப்பு, அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது. சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

மரத்தூள் சாதாரணத் தூசி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாது. என்-95 முகக்கவசம் வேண்டும். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் உண்டாக்கும். எப்பாக்ஸி கையில் படக் கூடாது, கையுறை அவசியம்.

பழைய பெயிண்ட் அடித்த மரமாக இருந்தால் கூடுதல் கவனம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டைத் தேய்த்தால் வரும் தூளில் ஈயம் இருக்கலாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். உலர்வாகத் தேய்க்கவும் வேண்டாம்.

சம்பளத்தில் பிடிக்கலாமா?

இதுவும் ஆழம் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

விடுதி, எஸ்டேட் போன்ற நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு பொருந்தும். இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருள் சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதற்கு அதில் வரம்புகள் உண்டு. சேதம் அந்தப் பணியாளரின் கவனக்குறைவால் நேரடியாக வந்திருக்க வேண்டும். பிடிக்கும் தொகை உண்மையான நட்டத்தைத் தாண்டக் கூடாது. பிடிப்பதற்கு முன் அவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். முன்பிருந்த 1936-ம் ஆண்டு ஊதியம் வழங்கும் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு இருந்தது.

விருந்தாளி போட்ட சிகரெட்டுக்கு நாம் எப்படிப் பொறுப்பாவோம்? அப்படியே நம் கவனக்குறைவு என்றாலும், நிலை 2 தழும்புக்கு மொத்தத் தரையின் விலையை எப்படிக் கேட்க முடியும்? "நட்டம் எவ்வளவு?" என்ற கேள்விக்குப் பதில் தழும்பின் ஆழத்தில்தான் இருக்கிறது. "இது ஒரு மில்லி மீட்டர்கூட இல்லைங்க சார், ஒரு பலகையைத் தேய்ச்சுப் பூச்சு போட்டாப் போதும்" என்று நிதானமாகச் சொல்லத் தெரிந்தால், பேச்சே வேறு மாதிரிப் போகும். அறையைக் கையில் வாங்கும்போதும், விருந்தாளி காலி செய்யும்போதும் தரையைப் பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதிவையுங்கள். செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பிரச்சினை முற்றினால் தனியாகப் போகாமல், குழுவோடு தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம்.

கைத்தொழிலாக்கினால்...

தழும்புகளில் நிலை 1-ம் 2-ம் ஆசாரி வராமலே முடியக்கூடியவை. குழுவில் இரண்டு, மூன்று பேர் பழகிக்கொண்டு, கருவிகளை உள்கடனில் பொதுவாக வாங்கி வைக்கலாம். முதல் பத்து முறை பழைய பலகைத் துண்டில் நாமே சூடு வைத்து, நாமே சரிசெய்து பழக வேண்டும். பிறகுதான் அடுத்தவர் தரை.

கூலி கேட்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு: பொருள் செலவு ரூ.350, ஒன்றரை நாள் உழைப்பு (நாளுக்கு ரூ.500 வீதம்) ரூ.750, கருவித் தேய்மானம் ரூ.50. ஆக மொத்தம் ரூ.1,150. உங்கள் ஊர் விலையையும் கூலியையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். "சும்மா தேய்ச்சதுதானே" என்று யார் சொன்னாலும், தேய்க்கத் தெரிந்ததற்குத்தான் கூலி!

வேலை தொடங்கும் முன் தழும்பின் நிலையை முதலாளியிடம் காட்டி, "அடையாளம் லேசாகத் தெரியலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடியாததை முடியும் என்று ஒப்புக்கொள்ள வேண்டாம். நம் பேர்தான் நம் மூலதனம்.

வருமுன் காப்போம்

* கணப்பின் முன் கம்பி வலைத் தடுப்பும், தரையில் கல் அல்லது தகரத் தட்டும் இருக்க வேண்டும். ஈர விறகு அதிகம் தெறிக்கும். கற்பூர மரம், சீகை எதுவானாலும் காய்ந்த விறகையே போடுங்கள்.
* சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். அணைந்தது போலத் தெரியும் சாம்பலுக்குள் மறுநாளும் கங்கு இருக்கலாம்.
* கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணியை அகலமான தட்டில் வையுங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம்.
* மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு யாரும் தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை. அது தரையை அல்ல, உயிரையே எடுத்துவிடும்.

கூட்டத்தில் கலந்து பேச

1. உங்கள் வேலை இடத்துத் தரை முழுப் பலகையா, ஒட்டுப் பலகையா, லேமினேட்டா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?
2. கரியின் மேல் பூச்சு போட்டால் என்ன ஆகும்? ஏன்?
3. எண்ணெய்த் துணியை இதுவரை எங்கே போட்டு வந்தோம்? இனி என்ன செய்வோம்?
4. நம் குழுவில் சேதத்துக்காகச் சம்பளம் பிடிக்கப்பட்டவர் யாராவது உண்டா? நட்டத்தை யார், எப்படி அளந்தார்கள்?

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு மரத்துண்டோடு வாருங்கள். சூடு வைத்து, ஸ்பூனால் சுரண்டி, எந்த நிலை என்று ஒவ்வொருவரும் சொல்லிப் பழகுவோம். அளக்கத் தெரிந்துவிட்டால் கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.